புது மீட்டர் மாட்டியும் முள் அசையாத ஆர்எக்ஸ் 100

சத்தியமங்கலத்துத் தம்பி கேட்டிருக்கிற கேள்வி கொஞ்சம் நீளமுங்க. பதில் பூராவும் அதைப் புடிச்சுத்தான் போகப்போகுது, அதனால முதல்ல சுருக்கிச் சொல்லிக்கறேன். அப்பா ஓட்டின யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். வேகம் காட்டற பழைய மீட்டரோட கண்ணாடி உடைஞ்சு, மழைத் தண்ணி உள்ள போய், மீட்டர் செத்துப்போச்சு. 'எல்லா வண்டிக்கும் சேரும்'னு போட்டிருந்த வட்ட மீட்டர் ஒண்ணை வாங்கி அவரே மாட்டியிருக்கார். ரெண்டு நாள் ஓடியிருக்குது. ஆனா முள் ஒரே நடுக்கம். ஃபோன்ல 40 காட்டுறப்ப மீட்டர் முள் 50-க்கும் 60-க்கும் நடுவுல ஆடியிருக்குது. கேபிள்தான் கெட்டுப்போச்சுன்னு முன் சக்கரத்தைக் கழட்டி, புதுக் கேபிள் போட்டு, சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருக்கார். அதுக்கப்புறம் முள் சுத்தமா அசையலை.

இது போக லைட்டுல ஒரு கூத்து. கலருக்குக் கலர் பார்த்து வயர் சேர்த்திருக்கார். இப்ப டிம்ல போட்டா ஹெட்லைட்டு, பின்லைட்டு எல்லாமே அணைஞ்சிருது. பிரைட்ல போட்டா எல்லாம் எரியுது. மீட்டருக்குள்ள இருக்கிற வெளிச்சம் சாவி போட்டாலே பகல்லயும் எரியுது. நியூட்ரல் விளக்கு எரியவே இல்லை. இடது இண்டிகேட்டர் போட்டா மீட்டர்ல இருக்கிற இண்டிகேட்டர் விளக்கு நியூட்ரல்ல இருக்கிறப்ப மட்டும் மின்னுது, வலது போட்டா மின்னறதே இல்லை. "அண்ணா, மீட்டர் டூப்ளிகேட்டா? திருப்பி அனுப்பிடட்டுமா?"ன்னு கேக்கறார்.

அவசரப்படாதீங்க தம்பி. நீங்க எழுதினதுல ஒரே ஒரு விஷயம்தான் அந்த மீட்டர் மேல விழற மாதிரி இருக்குது, அதைக் கடைசியில சொல்றேன். மத்ததெல்லாம் மீட்டருக்கு வெளியில நடக்கறது. முள்ளு எங்க நிக்குதோ அங்கதான் கோளாறுன்னு கண்ணு நம்பிருது. ஆனா முள்ளைச் சுத்தற வேலை முன் சக்கரத்துல ஆரம்பிக்குது. தேடறதும் கீழ இருந்து மேல வரணும்.

முதல்ல செத்த முள். வண்டியை சென்டர் ஸ்டேண்டு போட்டு, பின்னாடி யாரையாவது அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்குங்க. மீட்டருக்கு அடியில கேபிளோட வளையத்தைக் கழட்டி வெளிய எடுத்தீங்கன்னா, நடுவுல சதுர முனையோட உள் வயர் தெரியும். ஒரு கையால சக்கரத்தை முன்பக்கமாச் சுத்திவிட்டு அந்த முனையைப் பாருங்க. அது சுத்தினா கேபிள், கீழ இருக்கிற பல்லு எல்லாம் நல்லா இருக்குது. சுத்தலைன்னா மீட்டரைத் திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்லை.

உங்களுக்கு அது சுத்தாதுன்னுதான் நெனைக்கறேன். சக்கரத்தைக் கழட்டி மாட்டினதுக்கு அப்புறம் முள் செத்துச்சுன்னா பத்துக்கு எட்டு வண்டியில ஒரே காரணந்தான். முன் பிரேக் பிளேட்டுக்குள்ள, ஆக்சில் போற ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். அதுல எதிரும் புதிருமா ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கும். சக்கரத்தோட டிரம்முல அதுக்குன்னே ரெண்டு பள்ளம். காது பள்ளத்துல உக்காந்தாத்தான் சக்கரம் சுத்தறப்ப அந்த வளையமும் சுத்தும். வளையம் சுத்தினாத்தான் அதோட பல்லு வார்மை, அதாவது கேபிளைச் சுத்தற திருகுப் பல்லைச் சுத்தும். வார்ம் சுத்தினாத்தான் கேபிள். அவசரத்துல பிளேட்டை வெச்சு அமுக்கினா காது பள்ளத்துல விழாம மேட்டு மேல உக்காந்துக்கும். அது தெரியாம ஆக்சில் நட்டை முறுக்கினா காது மடங்கிப்போகும், இல்லைன்னா ஒடிஞ்சே போகும்.

கையில ஒரு அடையாளம் இருக்குதுங்க. காது பள்ளத்துல சரியா விழுந்தா பிரேக் பிளேட்டு டிரம்முக்குள்ள முழுசா இறங்கி, விளிம்போட விளிம்பு சேர்ந்து உக்காரும். விழலைன்னா சுத்திலும் ஒரு நூல் சந்து தெரியும். பிளேட்டை லேசா அமுக்கிக்கிட்டே இடதும் வலதுமாத் திருப்பினா 'டொக்'குன்னு ஒரு இறக்கம் தெரியும், அதான். அந்த டொக் கேக்காம ஆக்சிலை உள்ள விடவே விடாதீங்க.

இப்பக் கழட்டறப்ப காது மடங்கியிருந்தா தட்டி நிமித்தப் பார்க்காதீங்க, அது ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. வளையமும் வார்மும் தனித்தனியாவே கிடைக்கும், பெரிய காசு இல்லை. பழைய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிட்டுப் புதுசா வைங்க. நம்ம பக்கம் வாய்க்கால் கரை மண்ணுலயும் சேத்துலயும் ஓட்டற வண்டிக்கு அந்த இடத்துல கிரீஸ் சீக்கிரமே களிமண்ணா மாறிப்போகும். ஆனா விரல் நுனியில எடுக்கற அளவு போதும். அள்ளி அப்பினீங்கன்னா பிரேக் லைனிங்குல ஏறிரும்.

இன்னொண்ணு, இது மீட்டர் விஷயமில்லை, உசுரு விஷயம். பிரேக் பிளேட்டுல ஒரு காடி இருக்கும். ஃபோர்க் காலுல அதுக்குள்ள போற மாதிரி ஒரு மேடு இருக்கும். சக்கரத்தை மாட்டறப்ப அந்த மேடு காடிக்குள்ள இருக்கணும். இல்லாம மாட்டி ஓட்டினா, பிரேக் பிடிக்கறப்ப பிளேட்டே சக்கரத்தோட சுத்தி, முன் சக்கரம் பூட்டிக்கும். சக்கரத்தைக் கழட்டி மாட்டினவங்க யாரா இருந்தாலும் ஓட்டறதுக்கு முந்தி குனிஞ்சு இதை ஒருக்காப் பார்த்துருங்க.

முள் உசுரு வந்தாச்சுன்னு வைங்க. அடுத்தது அந்த நடுக்கம். அதுக்கு மீட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா நல்லது. கேபிள் போய்ச் சுத்தறது ஒரு சின்ன காந்தத்தை. அந்தக் காந்தத்துக்கு மேல, அதைத் தொடாம, அலுமினியத்துல ஒரு கிண்ணம் கவுத்து வெச்சிருக்கும். காந்தம் சுத்தறப்ப கிண்ணத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் தன்கூட இழுக்கப் பார்க்கும். தலைமுடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிச்சு நிறுத்தும். ரெண்டு இழுவையும் சமமாகிற இடத்துல முள் நிக்கும். ஓட்டோ ஷுல்ட்ஸேன்னு ஒரு ஜெர்மன் பொறியாளர் 1902-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் கேபிள் மீட்டர் எல்லாம் அதே சூட்சுமந்தான்.

காந்தம் நிதானமாச் சுத்தினா முள் நிதானமா நிக்கும். கேபிளோட உள் வயர் எங்கயாவது மடங்கியிருந்தா, முறுக்கிக்கிட்டு வந்து, அந்த மடிப்பு தாண்டினதும் பட்டுன்னு விடும். காந்தம் விட்டு விட்டுச் சுத்தும், முள்ளும் அதே தாளத்துல ஆடும். மெதுவாப் போறப்ப ஆடி, வேகத்துல அடங்கினாலும் இதே கோளாறுதான். நீங்க புதுக் கேபிள் போட்டுட்டீங்க. நல்லது, ஆனா அது போற வழியையும் பாருங்க. மீட்டருக்கு அடியில ஒரு சாண் தூரத்துக்குக் கேபிள் நேரா இறங்கி, அப்புறம்தான் வளையணும். வளைவு ஒரு சாப்பாட்டுத் தட்டோட வளைவு மாதிரி பெருசா இருக்கணும். டீ டம்ளர் மாதிரி இருந்தா நடுக்கம் நிச்சயம். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்க, ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கிப் பாருங்க. எங்கயும் இழுக்கக் கூடாது, பிதுங்கக் கூடாது. இந்த வட்ட மீட்டர்கள் பழைய மீட்டரைவிடக் குட்டையா இருக்கறதால, அதே நீளக் கேபிள் கீழ தொங்கி மடங்கறதை நெம்பப் பார்த்திருக்கேன்.

உள் வயரை உருவி, கண்ணாடி மேல வெச்சு விரலால உருட்டுங்க. நேரா இருந்தா ஒரே மாதிரி உருளும். மடிப்பு இருந்தா அந்த இடம் 'தொப்பு தொப்பு'ன்னு எகிறும். அப்படி எகிறினா புதுசுன்னும் பார்க்காமக் கடையில குடுத்து மாத்திக்கங்க.

கிரீஸ் வைக்கறதுல நானே ஒரு பாவம் பண்ணியிருக்கேன். பட்டறைக்குப் போன புதுசுல கவுந்தப்பாடிப் பக்கத்துப் பால்காரர் ஒருத்தர் வண்டிக்குக் கேபிள் மாத்தினேன். சத்தம் வரக் கூடாதுன்னு மேல இருந்து கீழ வரைக்கும் கிரீஸைத் தடவி, மீட்டர் பக்கத்து முனையிலயும் ஒரு உருண்டை வெச்சு அனுப்பினேன். இருபது நாள்ல திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கி, மீட்டரைக் காட்டி, "ஏனுங்க தம்பி, நான் இங்க நின்னுட்டு இருக்கறேன், வண்டி எண்பதுல போயிட்டு இருக்குது பாருங்க"ன்னார். முள் 80-ல ஒட்டிக்கிட்டு நிக்குது. மீட்டரைப் பிரிச்சா உள்ள கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல கிரீஸ் பசை மாதிரி நிரம்பியிருக்குது. தொடாம இழுக்க வேண்டிய காந்தம் தொட்டு இழுத்திருக்குது. உள் வயர் முறுக்கா இருக்கறதால, சுத்தறப்ப மறை ஆணி மாதிரி கிரீஸை மேல மேல ஏத்திக்கிட்டே போகும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மீட்டர் காசு என் சம்பளத்துல போச்சு. அதுக்கப்புறம் மேல் முனையில ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸே வைக்கறதில்லை. கீழ் பாதிக்கு மெல்லிசாத் தடவினாப் போதும்.

கேபிளை மீட்டருல மாட்டறப்ப இன்னொரு சோதனை. வளையத்தை முறுக்கறதுக்கு முந்தி, கேபிளோட உறை மீட்டர் வாயில முழுசா உக்காருதான்னு பாருங்க. உள் வயர் கொஞ்சம் நீளமா இருந்தா முனை மீட்டரோட அடியில போய் முட்டிக்கிட்டு, உறை உக்காராது. அதை அப்படியே முறுக்கி இறுக்கினா காந்தத்தோட தண்டு மேல தள்ளப்பட்டு, முள் எகிறி ஓரத்துல போய் நிக்கும். பல்லும் தேஞ்சு போகும். வளையத்தைக் கையால முறுக்கி, கடைசியா கட்டிங் பிளேயரால லேசா ஒரு கால் சுத்து. அவ்வளவுதான்.

மீட்டரை மட்டும் தனியாச் சோதிக்கணும்னா பழைய உள் வயர்ல ஒரு துண்டை வெட்டி, சதுர முனையை மீட்டர்ல சொருகி, மறுமுனையை விரலாலயே வெடுக்குன்னு திருகிப் பாருங்க. முள் துள்ளும். துள்ளாம ஆணியில முட்டிக்கிட்டு கீழ போகப் பார்த்தா எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்க. டிரில் மெஷின் வெச்சிருந்தா அந்தத் துண்டை அதுல கடிக்க வெச்சு மெதுவா ஓட்டலாம். முள் நடுங்காம ஏறி, நிறுத்தினதும் பூஜ்யத்துக்கு வந்து உக்காந்தா மீட்டர் உடம்பு நல்லா இருக்குது. டிரில் மேல போட்டிருக்கிற சுத்து எண்ணிக்கையை நம்பி வேகத்தைக் கணக்குப் போடாதீங்க, அது பாரம் இல்லாத உச்ச வேகம்.

இனி அந்த 40-க்கு 50, 60 காட்டினது. அந்த ஒரு விஷயத்துலதான் எனக்கு மீட்டர் மேல சந்தேகம். ஆனா அதைக் கெட்ட மீட்டர்னு சொல்ல முடியாது, உங்க வண்டிக்கு ஆகாத மீட்டர்னு வேணும்னாச் சொல்லலாம். ஜப்பான் வழி வந்த பைக் மீட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: கேபிள் நிமிஷத்துக்கு 1400 சுத்து சுத்தினா முள் 60-ல நிக்கணும். 60 வேகத்துல நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் போறதால, கிலோமீட்டருக்கு 1400 சுத்துன்னும் சொல்லலாம். உங்க யமஹாவோட வார்மும் இந்தக் கணக்குக்குத்தான் வெட்டினது. ஆனா வெளிநாட்டு மீட்டர்கள்ல கிலோமீட்டருக்கு 1000 சுத்துங்கற கணக்கும் உண்டு. 'எல்லா வண்டிக்கும் சேரும்'னு விக்கற வட்ட மீட்டர் ரெண்டு கணக்குலயும் வருது. டயல் ஓரத்துலயோ முதுகுலயோ சின்ன எழுத்துல 1:1.4-ன்னோ 1:1-ன்னோ போட்டிருக்கும். 1000 கணக்கு மீட்டரை 1400 வண்டியில மாட்டினா எல்லாமே 1.4 மடங்கு காட்டும். 40-ஐ 1.4 ஆல பெருக்குங்க: 56. உங்க முள் ஆடினது 50-க்கும் 60-க்கும் நடுவுல.

இதை ஊகமா விட வேண்டாம், எண்ணிப் பார்த்துரலாம். முன் டயர்ல சுண்ணாம்பால ஒரு கோடு போடுங்க. மீட்டர்ல இருந்து கழட்டின கேபிள் முனையில இன்சுலேஷன் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்க. ஒருத்தர் வண்டி மேல உக்காந்து காலால தள்ள, சுண்ணாம்புக் கோடு பத்து தரம் தரையைத் தொடற வரைக்கும் நகருங்க. இன்னொருத்தர் கொடி எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணணும். உங்க முன் டயர் 2.50-18, ஒரு சுத்துக்கு ஏறத்தாழ 1.83 மீட்டர், பத்து சுத்துக்குப் பதினெட்டு மீட்டர் சொச்சம். கொடி 25, 26 சுத்து சுத்தினா வண்டிப் பக்கம் 1400 கணக்கு சரி, மீட்டர்தான் வேற கணக்கு. 18 சுத்துன்னு வந்தா யாரோ இதுக்கு முந்தியே வேற வண்டி வார்மைப் போட்டுட்டாங்க.

இதுக்கு ஓடின தூரத்தைக் காட்டற ஓடோமீட்டரும் சாட்சி சொல்லும். அது கிண்ணம், ஸ்பிரிங் எதையும் நம்பறதில்லை. கேபிள் சுத்தைப் பல்லு வழியா நேரா எண்ணறது. பெருந்துறையில இருந்து அவிநாசி போற நெடுஞ்சாலையில கிலோமீட்டர் கல்லைப் பார்த்து பத்துக் கல் ஓட்டுங்க. ஓடோமீட்டர் பத்து காட்டி முள் மட்டும் கூடக் காட்டினா மீட்டருக்குள்ள ஸ்பிரிங் கோளாறு, திருப்பி அனுப்புங்க. ஓடோமீட்டரே 14 காட்டினா கணக்கு வேற. கடைக்காரர்கிட்ட 1:1.4 மீட்டர் கேட்டு மாத்திக்கங்க. கேபிளுக்கு நடுவுல வைக்கற கியர் டப்பா வாங்கியும் சரி பண்ணலாம். ஆனா தேயறதுக்கு இன்னொரு சாமானை நாமளே எதுக்கு வண்டியில ஏத்தணும்?

ஃபோனோட ஒப்பிடறப்ப ஒண்ணு கவனிங்க. ஜிபிஎஸ் வேகம் ரெண்டு மூணு நொடி பின்தங்கி வரும். ஒரே வேகத்துல கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தாத்தான் நியாயம். கையில கடிகாரம் போதும்னா, ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு 90 நொடின்னா வேகம் 40. இதுல மீட்டர் 42, 43 காட்டினா குத்தம் சொல்லாதீங்க. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டக் கூடாதுங்கறது விதி, அதனால செய்யறவங்களே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பாங்க.

வயர் சங்கதிக்கு வருவோம். கலருக்குக் கலர் சேர்த்ததுதான் தப்பு, தம்பி. ஒரே நிறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வேலை செய்யும். நீங்க வாங்கின மாதிரி மீட்டர்கள் பெரும்பாலும் ஹோண்டா முறை நிறத்துல வரும். ஹோண்டாவுல பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டா வர்ற பேட்டரி பிளஸ். யமஹாவுல கறுப்புதான் எர்த். பழுப்பு, சாவி போட்டா வர்ற பிளஸ். பச்சை ஹெட்லைட் டிம். இதை வெச்சு உங்க கூத்தைப் பிரிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணும் அதது இடத்துல போய் உக்காரும்.

மீட்டரோட எர்த்தான பச்சையை வண்டியோட பச்சையில, அதாவது டிம் லைன்ல சேர்த்துட்டீங்க. மீட்டரோட இரும்பு உடம்பும் அந்தப் பச்சையும் உள்ள ஒண்ணாத்தான் இருக்கணும். மல்டிமீட்டர் வெச்சா 'பீப்' கேக்கும். உடம்பு வண்டியில முடுக்கியிருக்குது. ஆக டிம் லைன் நேரா எர்த்துக்குப் போகுது. வண்டி ஸ்டார்ட் ஆகாம ஹெட்லைட் எரியாதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு அர்த்தம் லைட்டுக்குக் கரண்டு பேட்டரியில இருந்து வரலை, இன்ஜின் சுத்தறப்ப கரண்டு உண்டாக்கற மேக்னெட்டுல இருந்து வருது. பின்லைட்டும் அதே காயில். டிம்ல தள்ளினதும் அந்தக் காயில் மொத்தமும் எர்த்துல கொட்டிருது, அதனால எல்லாம் அணையுது. பேட்டரி லைனா இருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இது மேக்னெட் லைன்ங்கறதால ஃபியூஸும் காப்பாத்தலை. அப்படியே ஓட்டாதீங்க, காயில் சூடேறும்.

மீட்டர்ல இருக்கிற நீல விளக்கு பிரைட்ல எரிஞ்சு டிம்ல அணையறதால அது சரின்னு நினைச்சிருப்பீங்க. அது தற்செயல்! மீட்டரோட நீலம் பிரைட் விளக்குக்கு. வண்டியோட நீலம் பின்லைட்டு, மீட்டர் வெளிச்சத்துக்கு. டிம்ல எல்லாமே செத்துப்போறதாலதான் அதுவும் கூடவே அணையுது. பச்சையைச் சரி பண்ணினதும் அது டிம்லயும் எரிய ஆரம்பிக்கும், பயந்துராதீங்க. மீட்டர் வெளிச்சம் பகல்ல எரியறதுக்குக் காரணம் பழுப்பைப் பழுப்புல சேர்த்தது. நியூட்ரல் விளக்குக்கு பிளஸ் தர வேண்டிய கறுப்பு எர்த்துல கிடக்குது. இண்டிகேட்டரோட வெளிர்நீலத்தை வண்டியோட வான நீலத்துல சேர்த்திருக்கீங்க, ஆனா யமஹாவுல அது நியூட்ரல் சுவிட்ச். நியூட்ரல்ல இருக்கிறப்ப அந்த வயர் எர்த் ஆகறதாலதான் இடது விளக்கு மின்னுது, கியர் போட்டா நின்னுருது.

சரியான ஜோடி இப்படி: மீட்டரோட பச்சை, வண்டியோட கறுப்புக்கு. மீட்டர் கறுப்பு, வண்டிப் பழுப்புக்கு. மீட்டர் பழுப்பு, வண்டி நீலத்துக்கு. மீட்டர் நீலம், வண்டி மஞ்சளுக்கு. இளம்பச்சையில சிவப்புக் கோடு போட்ட வயர், வான நீலத்துக்கு. ஆரஞ்சு, சாக்லேட் நிறத்துக்கு, அது இடது. வெளிர்நீலம், கரும்பச்சைக்கு; அது வலது. முப்பது வருஷ வண்டியில எத்தனை கை பட்டிருக்குமோ, அதனால நான் சொன்னதை வேதவாக்கா எடுக்காம, ஹெட்லைட் டூமுக்குள்ள ஒவ்வொரு வயரா டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்துட்டுச் சேருங்க. பேட்டரியோட மைனஸைக் கழட்டி வெச்சுட்டு வேலை பாருங்க. வெறும் முறுக்கு, மேல டேப்பு, அது வேண்டாம். நாலு ஈய வைப்பு, ரெண்டு உறைக் குழாய், காலத்துக்கும் கிடக்கும்.

மீட்டர் வெளிச்சம் எல்இடியா இருந்தா ஒரு திருத்தம். மேக்னெட் லைன்ல வர்றது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடற கரண்டு, அதுவும் ரேஸ் குடுக்கக் குடுக்க ஏறும். எல்இடி அதுல படபடக்கும், சீக்கிரம் போயிரும். அந்த ஒரு வயரை மட்டும் இப்ப இருக்கிற மாதிரி பழுப்புலயே விட்டுருங்க. பகல்ல எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. பிரைட் விளக்கு மஞ்சள்லதான் வரணும்ங்கறதால அங்க சின்ன பல்பு போட்டுக்கங்க.

இதெல்லாம் முடிச்சதும் இன்னொரு வம்பு வரும், இப்பவே சொல்லிடறேன். இண்டிகேட்டர் நாலும் எல்இடின்னு எழுதியிருக்கீங்க, மீட்டர்ல இண்டிகேட்டர் பல்பு ஒண்ணே ஒண்ணு. அந்த ஒத்தை பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் குறுக்கால மாட்டியிருக்கும், அதுக்குத் தனி எர்த் கிடையாது. இடது போட்டா கரண்டு பல்பு வழியா வலது பக்க விளக்குகளுக்குள்ள போய்த்தான் எர்த்தைத் தேடும். பழைய பெரிய பல்புகளுக்கு அந்தக் கொஞ்சக் கரண்டு பத்தாது, எரியாது. எல்இடிக்கு அது தாராளம். எந்தப் பக்கம் போட்டாலும் நாலும் மின்னும். பின்னாடி வர்றவனுக்கு நீங்க கோபி ரோட்டுல திரும்பறீங்களா, நேராப் போறீங்களான்னே தெரியாது.

மருந்து ரெண்டு டயோடு, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடற சின்ன சாமான். எலக்ட்ரானிக்ஸ் கடையில 1என்4007-ன்னு கேளுங்க, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒரு டயோடு இடது வயர்ல இருந்து, இன்னொண்ணு வலது வயர்ல இருந்து. ரெண்டோட வெள்ளிக் கோடு இருக்கிற முனையும் ஒண்ணாச் சேர்ந்து பல்போட ஒரு வயருக்கு. பல்போட மறு வயர் எர்த்துக்கு. கோடு இருக்கிற பக்கந்தான் கரண்டு வெளிய வர்ற பக்கம், மாத்தி வெச்சா விளக்கே எரியாது. வேகமாப் படபடன்னு மின்னினா இண்டிகேட்டரை மின்ன வைக்கற ஃப்ளாஷரையும் எல்இடிக்குன்னு விக்கறதா மாத்திருங்க.

பழைய மீட்டரைத் தூக்கிப் போட்றாதீங்க. ஓடோமீட்டர் காட்டற எண்ணையும், புதுசுல பூஜ்யத்துல ஆரம்பிச்ச தேதியையும் ஒரு ஃபோட்டோ எடுத்து ஆர்சி கூட வெச்சுக்கங்க. வண்டி எப்பவாவது கை மாறினா வாங்கறவருக்குக் காட்டலாம். கண்ணாடி உடைஞ்சு தண்ணி புகுந்த மீட்டர்னு சொன்னீங்க. கிண்ணமும் ஸ்பிரிங்கும் அரிச்சுப்போகாம இருந்தா, பழைய மீட்டரைப் பிரிச்சு மாட்டறவங்க கோயமுத்தூர்ப் பக்கம் இன்னும் இருக்காங்க. 1:1.4 கிடைக்கலைன்னா அந்த வழியையும் யோசிக்கலாம்.

முதல்ல சக்கரத்தைக் கழட்டி அந்தக் காதைப் பாருங்க. அப்புறம் கொடி கட்டி எண்ணிட்டு, 18-ஆ 26-ஆன்னு எழுதுங்க.